வெயிலா, அடுப்பா, கரண்டா: மலையகத்தில் பழம் காய வைக்க எது சரிப்படும்?

பேரிக்காய் காய்த்துத் தள்ளும் காலத்தில் வெலிமடை, நுவரெலியா ரோட்டோரங்களில் அதைக் குவித்து வைத்து விற்பார்கள். விலை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். விற்றது போக மிச்சம் மாட்டுத் தொழுவத்துக்கோ குப்பைக் குழிக்கோ போகும். கீழே கண்டி, மாத்தளைப் பக்கம் பலாவும் வாழையும் படுகிற பாடும் இதுதான். அதனால் சுயதொழில் பற்றிப் பேச்செடுத்தாலே, “காய வச்சுப் பைக்கட் பண்ணி வித்தா என்ன?” என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உல்லாசப் பயணிகள் வந்து போகிற ஊர்கள் இவை. காய்ந்த பழத்தை வாங்க எல்லவிலும் நுவரெலியாவிலும் ஆள் உண்டு.

அடுத்த நிமிடமே பேச்சு விலைக்குப் போய்விடும். எந்த உலர்த்தி மலிவு, யார் மானியம் தருவார்கள், கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று. நான் இங்கே அந்த வரிசையை மாற்றிக்கொள்கிறேன். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்க அவகாசம் கொடுக்காத வழி எது என்று முதலில் பார்ப்போம். காசுக்கு அப்புறம் வரலாம். காசை முதலில் வைத்துப் பேசினால் முடிவு எப்போதும் ஒரு தறப்பாளில்தான் போய் நிற்கிறது.

துடைத்தால் போகாதா?

காய்ந்த பழத்தில் லேசாகப் பூஞ்சணம் பூத்துவிட்டால் வீட்டில் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான். வெந்நீரில் அலசி, மறுபடி வெயிலில் போட்டு எடு, சரியாகிவிடும். கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சணம் அதில் போய்விடும். அது உள்ளே விட்டுப்போன நஞ்சு போகாது. சிக்கலே இதில்தான் இருக்கிறது.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் போனபோது, அவற்றுக்குக் கொடுத்த தீனியில் பிரேசிலில் இருந்து வந்த கச்சான் புண்ணாக்கு இருந்தது. அந்தப் புண்ணாக்கில் வளர்ந்திருந்த அஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ் என்ற பங்கசு சுரந்த நஞ்சுக்குத்தான் பிறகு அஃப்லடொக்சின் என்று பேர் வைத்தார்கள். மனிதரில் ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட பொருட்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை வைத்திருக்கிறது. நம்மில் பலருக்கு இந்தச் சொல் முதன்முதலில் காதில் விழுந்தது 2021 சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் இருக்கிறது என்று நாடே அல்லோலகல்லோலப்பட்டபோதுதான். சரியாகக் காயாத கொப்பராவில் பிடிப்பதும் இதே பங்கசுதான்.

இந்த நஞ்சு 200 பாகை செல்சியசுக்கு மேல் போனால்தான் சிதையத் தொடங்கும். தண்ணீர் கொதிப்பது 100 பாகையில். ஆகவே அவித்தாலும், பாயசத்தில் போட்டாலும், கேக்கில் சேர்த்து வேக வைத்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். வெயில் எந்த மூலைக்கு?

உலர்பழங்களில் தலைகாட்டும் இன்னொரு நஞ்சு ஓக்ரடொக்சின். இது சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பது. கேக்குக்கும் புரியாணிக்கும் வாங்குகிற முந்திரிகை வற்றலில் இதுதான் கவலை. திராட்சை கொடியில் இருக்கும்போதே தோல் வெடித்த இடத்தில் கறுப்புப் பூஞ்சணம் நுழைந்து, காயப் போட்ட நாட்களில் நஞ்சைச் சுரக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ வற்றலில் 8 மைக்ரோகிராமுக்கு மேல் ஓக்ரடொக்சின் இருக்கக் கூடாது என்று 2022இல் வரம்பை இறுக்கியது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நாக்குக்கும் மூக்குக்கும் அது பிடிபடவே பிடிபடாது. பார்க்கப் பளபளவென்று இருப்பதாலேயே ஒரு பழம் சுத்தம் என்று சொல்ல முடியாமல் இருப்பது இதனால்தான்.

அத்திப்பழத்தின் கதை இன்னும் மோசம். அதன் அடியில் உள்ள சின்னத் துவாரம் வழியாகப் பூஞ்சணம் நேரே உள்ளே போய்விடும். வெளித்தோல் பழுதில்லாமல் இருக்கும். துருக்கியில் உலர் அத்தியை இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே ஓட விட்டு, மஞ்சள் கலந்த பச்சையாக மினுங்குகிற பழங்களைப் பொறுக்கி எறிகிறார்கள். பல நாடுகளுக்குப் பொதுவான கோடெக்ஸ் தரப்படி உலர் அத்தியில் மொத்த அஃப்லடொக்சின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

குளிரூரில் எதற்குப் பயம்?

நியாயமான கேள்வி. அஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ் வெக்கைக்குப் பிறந்தது. 30 பாகைக்கு மேல்தான் அதற்குக் கொண்டாட்டம். கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகையை ஒட்டி நிற்கிற நுவரெலியாவில் அது மந்தமாகத்தான் நகரும். இதைக் கேட்டவுடன் நிம்மதியாகிவிட வேண்டாம். குளிரை விரும்புகிற கூட்டம் வேறே இருக்கிறது.

பேரிக்காயிலும் ஆப்பிளிலும் அடிபட்ட இடத்தில் வட்டமாகப் பழுப்பேறி, நடுவில் நீலப்பச்சையாகத் தூள் பூக்குமே, அது பெனிசிலியம் எக்ஸ்பான்சம். குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வளரும். அது சுரக்கிற நஞ்சுக்குப் பட்டுலின் என்று பேர். ஆப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான். அழுகின வட்டத்தோடு அது நிற்பதில்லை. நல்லதாகத் தெரிகிற சதைக்குள்ளும் கொஞ்ச தூரம் ஊறிப்போயிருக்கும்.

நம் ஊரில் காய வைக்க ஒதுக்குகிற பழம் எது என்று யோசித்துப் பாருங்கள். முதல் தரம் கொழும்புக்கு லொறி ஏறும். இரண்டாம் தரம் ரோட்டோரக் கடைக்கு. அடிபட்டது, விழுந்தது, ஓட்டை விழுந்தது எல்லாம் “வெட்டிக் காய வைச்சுக்கலாம்” என்ற கணக்கில் ஒரு கூடையில் சேரும். எந்த உலர்த்தியை வாங்கினாலும் இந்தக் கூடையைக் காப்பாற்ற முடியாது. உலர்த்தி தண்ணீரை எடுக்கும், நஞ்சை எடுக்காது. சொல்லப்போனால் தண்ணீர் குறையக் குறைய எடைக்கு எடை நஞ்சின் அளவு கூடும். விழுந்த பழத்தில் லேசாக நசுங்கியதை அன்றைக்கே வெட்டிப் போடலாம். பூஞ்சணம் பூத்ததை வெட்டி எடுத்து மிச்சத்தைப் போடுவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று, காற்று. பூஞ்சணத்துக்கு வேண்டியது பழத்தில் உள்ள தண்ணீரின் மொத்த அளவு அல்ல, அதில் எவ்வளவு கட்டுப்படாமல் இருக்கிறது என்பதே. அதைத்தான் நீர்ச்செயற்பாடு என்று ஒரு எண்ணால் சொல்கிறார்கள். பச்சைத் தண்ணீருக்கு அது 1. அஃப்லடொக்சின் உருவாக 0.82க்கு மேல் வேண்டும். 0.65க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் ஏறக்குறைய எல்லாப் பூஞ்சணமும் படுத்துவிடும். ஒரு பழத்தைக் காற்றுப்பட விட்டால் அது கடைசியில் சுற்றியிருக்கிற காற்றோடு சமனாகும். காற்றின் ஈரப்பதன் 85 வீதம் என்றால் பழமும் 0.85இல்தான் போய் நிற்கும். மழைக்கால நுவரெலியாவிலும் ஹட்டனிலும் ஈரப்பதன் அதற்கு மேலே நிற்கிற நாட்களே அதிகம். அதாவது சூடாக்காத காற்றில் நீங்கள் மாதக்கணக்கில் காய வைத்தாலும் பழம் பாதுகாப்பான நிலைக்கு வந்து சேராது. குளிர் பூஞ்சணத்தின் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

வெயில்

செலவில்லாத வழி. மலையகத்தில் எல்லா இடத்துக்கும் ஒரே பதில் இல்லாத வழியும் இதுதான். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவைப் பிடித்துக்கொள்ளும். கினிகத்தேன, வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் துணி காயாத நாட்கள் அவை. அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, வெலிமடை, பதுளையில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிற காற்று அது. தை, மாசி, பங்குனியில் நிலைமை தலைகீழ்: மேற்கில் வெயில், தை மாதத்தில் ஊவாப் பக்கம் வடகீழ் மழை.

ஆகவே வெலிமடைக்காரர் ஓகஸ்டில் வெயிலில் காய வைப்பதும், வட்டவளைக்காரர் அதே ஓகஸ்டில் காய வைப்பதும் ஒரே வேலை இல்லை. முன்னவருக்கு வாய்ப்புண்டு. பின்னவர் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. பழம் பழுக்கிற நாளும் வெயில் எறிக்கிற நாளும் ஒன்றாக வரும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் போடுவதென்றால் சில கட்டாயங்கள் உண்டு. துண்டுகள் 5, 6 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாக இருக்கக் கூடாது. தரையில் விரித்த தறப்பாள் கூடாது, அடியில் காற்று ஓடுகிற மாதிரி வலைத்தட்டை உயரத்தில் வைக்க வேண்டும். மேலே மெல்லிய வலை, ஈக்காக. பின்னேரம் மூன்று, மூன்றரைக்கு மூடுபனி இறங்குவதற்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கு இரவில் திரும்பி வந்துவிடும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டாம் நாளும் வெயில் இல்லாமல் போனால் அந்தத் தட்டில் உள்ளதை அடுப்பில் ஏற்றி ஜாமாக்கிவிடுவது மேல். மூன்றாம் நாளுக்குக் காத்திருக்கும் பழத்தில் கண்ணுக்குத் தெரியாமல் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுப்புக்கு மேல் பரண்

லயத்து வீடுகளில் விறகடுப்புக்கு மேலே தட்டு கட்டி மிளகாயும் கருவாடும் வைக்கிற பழக்கம் இன்னும் உண்டு. கொறுக்காய்ப்புளிக்கு இது பொருந்தும். அது இயல்பிலேயே நல்ல புளிப்பு, உப்பும் சேர்ப்பார்கள், புகை வாடை மீன் குழம்பில் குறையாகத் தெரியாது. பேரிக்காய்த் துண்டையோ வாழைப்பழத்தையோ அங்கே வைத்தால் புகை நாற்றம் ஏறும், கரி படியும், புகையோடு வருகிற வேண்டாத பொருட்களும் சேரும். அடுப்பு எரியும்போது மட்டும் சூடு, அணைந்ததும் குளிர், அதோடு சோறு வடிக்கிற ஆவி வேறு. வீட்டுப் பாவனைக்குக் கொறுக்காய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். விற்பதற்கு வேண்டாம்.

பொலித்தீன் கூடாரம்

அதிகமாகச் சிபாரிசு செய்யப்படுவதும், நான் அதிகம் சந்தேகப்படுவதும் இதுதான். மரச் சட்டத்தில் பொலித்தீன் போர்த்தி, உள்ளே தட்டடுக்கு. நல்ல வெயிலில் வெளியே 20 பாகை என்றால் உள்ளே 40 வரை போகும். ஈ இல்லை, தூசி இல்லை, திடீர் மழைக்குப் பயமில்லை. வெலிமடை, பண்டாரவளையின் வறண்ட மாதங்களில் இது உருப்படியான சாமான்.

மேகம் மூடிய நாளில் இதே கூடாரத்தின் உள்ளே போய் நின்று பாருங்கள். 28, 30 பாகை வெதுவெதுப்பு. பொலித்தீனின் உட்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, ஒன்று சேர்ந்து, தட்டின் மேலேயே சொட்டுகிறது. வெளியே இருந்திருந்தால் குளிரில் மந்தமாகக் கிடந்திருக்கும் பங்கசுக்கு நாமே கொழும்புக் காலநிலையைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நுவரெலியாவின் குளிர் தருகிற ஒரே பாதுகாப்பும் அங்கே போய்விடுகிறது. காற்றாடியும், மேகமூட்ட நாளுக்குச் சூடாக்கியும் இல்லாத கூடாரத்தை மேற்குச் சரிவில் யாராவது இலவசமாகத் தந்தாலும், நாற்று வளர்க்க வைத்துக்கொள்வேனே தவிர பழம் காய வைக்க மாட்டேன்.

அடுப்படி அவன் (oven)

கேக் சுடுகிற அவனில் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான அவன்களின் குறைந்த சூடே பழத்துக்கு அதிகம். மேல்பக்கம் சட்டென்று இறுகித் தோல் கட்டிக்கொள்ளும், நடுவில் ஈரம் சிறைப்பட்டுவிடும். கையில் எடுத்தால் நன்றாகக் காய்ந்த மாதிரி இருக்கும். போத்தலில் போட்டு ஒரு வாரம் கழித்து அந்த ஈரம் வெளியே வரும்போது பூஞ்சணமும் வரும்.

மின்சார உலர்த்தி

55, 60 பாகையில் காற்றைச் சூடாக்கித் தட்டுகளின் ஊடாக ஓட விடுகிற பெட்டி. இங்கேதான் மலையகத்துக்கு ஒரு சாதகம் இருக்கிறது, யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. குளிர்ந்த காற்று 85 வீத ஈரப்பதனோடு இருந்தாலும் அதில் உள்ள தண்ணீரின் உண்மையான அளவு குறைவு. 16 பாகை, 85 வீதக் காற்றை 55 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் 10 வீதத்துக்குப் பக்கம் விழுந்துவிடும். கொழும்பின் 28 பாகை, 80 வீதக் காற்றை அதே 55க்குச் சூடாக்கினால் 20 வீதத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். உலர்த்திக்குள் போகிற காற்று கொழும்பில் கிடைப்பதைவிட நுவரெலியாவில் வறண்டது. கொஞ்சம் கூடச் சூடாக்க வேண்டும், அதற்குக் கரண்ட் கொஞ்சம் கூடப் போகும், உண்மைதான். ஆனால் வெளியே எவ்வளவு மழை கொட்டினாலும் பெட்டிக்குள் பழம் காயும். ராத்திரியில் ஈரம் திரும்பி ஏறுகிற பேச்சே கிடையாது. ஆபத்தான ஈரநிலையைப் பழம் ஒரே நாளில் தாண்டிவிடுகிறது, பங்கசுக்குக் குடியேற நேரம் கிடைப்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். 500 வாட் வீட்டுப் பெட்டி 12 மணி நேரம் முழுவதும் இழுத்தால் 6 யூனிட். ஒரு தடவைக்கு 3 கிலோ போலப் பேரிக்காய் கொள்ளும். 10 கிலோ பேரிக்காயில் தோல், நடுத்தண்டு கழித்து, காய்ந்து வருவது ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அப்படியானால் 3 கிலோவுக்கு அரைக் கிலோ. அரைக் கிலோ உலர்பழத்தில் 6 யூனிட்டின் விலை ஏறுகிறது. வீட்டு மின்பட்டியலில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண முறையே மாறிவிடும் என்பதால், வாரம் மூன்று நான்கு தடவை ஓட்டினால் அந்த எல்லை எங்கே போகிறது என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள். உலர்த்தியின் விலையைவிட இந்த மாத பில்தான் பலரை இடையில் நிறுத்த வைக்கிறது.

விறகுச் சூட்டுக் காற்று

ஒரு சங்கமாகச் சேர்ந்து செய்வதென்றால் இதை ஒதுக்கிவிடாதீர்கள். விறகு ஒரு பக்கம் எரியும், இரும்புக் குழாய் சூடாகும், அந்தக் குழாயைத் தொட்டு வருகிற சுத்தமான காற்றைக் காற்றாடி தட்டுகளுக்குத் தள்ளும். புகை தனி வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே தூளை 3 வீத ஈரத்துக்குக் கொண்டுவருகிற உலர்த்தியும் இதே வேலையைத்தான் செய்கிறது. நக்கிள்ஸ் மலைப்பக்கம் ஏலக்காய் உலர்த்தக் கட்டியிருந்த வாடிகளும் இந்த வகைதான்.

பெரிய அளவுக்கு இது கரண்டை விட மலிவு, காற்றாடிக்கு மட்டும்தான் மின்சாரம். பாடு என்னவென்றால் ஒரு ஆள் கூடவே இருந்து சூட்டைப் பார்க்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு நெருப்பு அணைந்தால் எழுந்து விறகு வைக்க யார் என்று முதல் கூட்டத்திலேயே பேசி வைத்துக்கொள்ளாத சங்கங்களுக்கு இது ஒத்துவராது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்?

எந்த வழியைத் தேர்ந்தாலும் பாதிப் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். விரலால் அழுத்திப் பார்த்து “சரி, காய்ஞ்சிருச்சு” என்று பொலித்தீன் பையில் கட்டிவிடுவார்கள். சூட்டோடு இருக்கும் பழம் தொட்டால் ஒரு மாதிரி இருக்கும், ஆறினால் வேறு மாதிரி. தட்டின் ஓரத்துத் துண்டும் நடுத்துண்டும் ஒன்றுபோலக் காய்வதும் இல்லை.

நன்றாக ஆற விட்டு, கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசிக்கு நிரப்பி, இறுக மூடி, ஒரு வாரம் பத்து நாள் வையுங்கள். தினமும் ஒரு தடவை குலுக்குங்கள். கூடக் காய்ந்த துண்டும் குறையக் காய்ந்த துண்டும் ஈரத்தைப் பங்கு போட்டுச் சமனாகும். முதல் இரண்டு நாளில் காலையில் எடுத்துப் பார்க்கும்போது போத்தலின் உட்பக்கத் தோளில் மூச்சு விட்ட மாதிரி மங்கல் படிந்திருந்தால், ஒரு சொட்டுத்தான் என்றாலும், மொத்தத்தையும் திரும்ப உலர்த்தியில் போட வேண்டும். குலுக்கும்போது துண்டுகள் தனித்தனியாக உதிர்ந்து ஓட வேண்டும், கட்டியாக ஒட்டி நகரக் கூடாது.

இதைவிட உறுதியாகத் தெரிய வேண்டுமானால், அறையின் ஈரப்பதனைக் காட்டுகிற தீப்பெட்டி அளவுச் சின்ன மின்னணு மானியைப் பழத்தோடு போத்தலுக்குள் போட்டு மூடிவிடுங்கள். அடுத்த நாள் அது காட்டுகிற எண்ணை 100ஆல் வகுத்தால் அதுதான் பழத்தின் நீர்ச்செயற்பாடு. மலிவு மானிகள் ஐந்து புள்ளி முன்னே பின்னே காட்டும், அதனால் 65க்குப் பதிலாக 60ஐ இலக்காக வைப்பேன். மானியைச் சரிபார்க்கவும் வழி உண்டு. ஒரு மூடியில் சமையல் உப்பை எடுத்து, கரையாமல் களியாக நிற்கிற அளவுக்குத் தண்ணீர் தெளித்து, மானியோடு சேர்த்து ஒரு டப்பாவில் இறுக மூடி வையுங்கள். அடுத்த நாள் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் உங்கள் மானி 4 கூடச் சொல்கிறது என்று அர்த்தம், கழித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையாகப் பூத்திருப்பது எல்லாம் பூஞ்சணம் என்று பயப்படவும் தேவையில்லை. பேரீச்சையிலும் அத்தியிலும் வாழைப்பழத்திலும் சீனி வெளியே வந்து உறைவதுண்டு. விரலில் தேய்த்தால் நறநறவென்றிருக்கும், ஒரு சொட்டு வெந்நீரில் கரைந்து போகும். பூஞ்சணம் பஞ்சு போல மேலெழும்பி நிற்கும், வெந்நீரில் நனையுமே தவிர மறையாது. முகர்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், தூள் மூக்கில் ஏறும்.

எதில் கட்டுவது?

இதற்கு நீளமாக எழுதத் தேவையில்லை. கடையில் மரக்கறி போட்டுத் தருகிற மெல்லிய பொலித்தீன் பை ஈரத்தை உள்ளே விடும், மேற்குச் சரிவின் மழைக்காலத்தில் சில வாரத்திலேயே பழம் நமத்துப் போகும். இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் நல்லது. விற்பனைக்கு உட்பக்கம் அலுமினியத்தாள் ஒட்டிய தடித்த பைக்கட், சூட்டில் ஒட்டுகிற கருவியோடு. ஒரு பைக்கட்டில் 100 கிராம் போதும். வாங்குபவர் திறந்த பிறகு பெரிய பைக்கட்டைக் குசினியில் திறந்தபடி வைத்திருந்தால் நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண்.

என் தெரிவு

வீட்டில் ஒருத்தர் தொடங்குவதென்றால் சின்ன மின்சார உலர்த்தி, எந்த ஊராக இருந்தாலும். ஊவாப் பக்கத்தில் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை கூடாரத்தில் முன்பாதியைக் காய வைத்து, பின்பாதியை மின்சாரத்தில் முடித்தால் பில் நன்றாகக் குறையும். ஹட்டன், தலவாக்கலை பக்கத்தவர்கள் தை மாசியில் அதையே செய்து பார்க்கலாம். மற்ற மாதங்களில் கூடாரத்தை மறந்துவிட வேண்டும். பத்துப் பேர் சேர்ந்த சங்கம், விறகு கிடைக்கிற இடம், ராத்திரி முறை வைக்க ஆள் உண்டு என்றால் விறகுச் சூட்டுக் காற்று. இவற்றில் எதற்கும் வசதி இல்லாவிட்டால் உலர்பழத்தை விட்டுவிட்டு ஜாம், கோடியல் செய்யுங்கள். பயிற்சி வேண்டுமானால் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவில் விசாரிக்கலாம். கையில் உள்ள காசு மட்டாக இருந்தால் உலர்த்தியை ஒரு அளவு சிறிதாக வாங்கி, மிச்சத்தில் நல்ல பைக்கட்டும் மானியும் வாங்குங்கள் என்பேன். பெரிய உலர்த்தியும் கடைப் பையும் வைத்திருப்பவரை விட இவரது சரக்குத்தான் அடுத்த மாதம் வரை தாக்குப்பிடிக்கும்.

ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தால் போதாதா என்றும் கேட்பார்கள். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் சோதித்துத் தருவார்கள். ஆனால் இந்த நஞ்சு சரக்கு முழுக்கச் சீராகப் பரவி இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான பழம் சுத்தமாக இருக்க, ஒன்றிரண்டில் மட்டும் ஏராளமாக இருக்கும். ஐரோப்பாவில் பெரிய அத்திப்பழச் சரக்கைச் சோதிக்கப் பல இடங்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 30 கிலோ வரை மாதிரி சேர்ப்பது இதனால்தான். நீங்கள் அனுப்புகிற அரைக் கிலோவில் ஒன்றும் இல்லை என்று கடிதம் வந்தால் அந்த அரைக் கிலோவில் இல்லை, அவ்வளவே. வாங்குகிற ஹோட்டல் கேட்டால் செய்துகொள்ளுங்கள். பழத்தைப் பொறுக்கி எடுப்பதற்கும் போத்தலைக் குலுக்குவதற்கும் அது மாற்று ஆகாது.

கடைசியாக, பூஞ்சணம் பிடித்துக் கழித்த பழம். தோட்டத்தில் கறவை மாடு வைத்திருக்கிற வீடுகளில் அதை மாட்டுக்குப் போட்டுவிடுவது வழக்கம். மாடு தின்கிற அஃப்லடொக்சினில் ஒரு பங்கு எம்1 என்று உருமாறிப் பாலில் வரும், காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலைக் குடிப்பது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள்தான். கோழிக்கும் போடக் கூடாது. குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள், மழைத்தண்ணீர் ஓடுகிற பீலிக்குத் தள்ளி.